கரு மாறிப்போனால் குழந்தை யாருக்கு? ஐ.வி.எஃப். தவறுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே முட்டையையும் விந்தணுவையும் சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை) ஆய்வகத்தில் ஒருவருடைய விந்தணுவோ கருவோ இன்னொருவருக்குப் போய்விடுவது அரிது. ஆனாலும் நடந்திருக்கிறது. நியூயார்க், லீட்ஸ், ரோம், சிங்கப்பூர், டெல்லி, பிரிஸ்பேன் என்று ஊர்களை அடுக்கலாம். அப்போது நீதிமன்றங்கள் என்ன சொல்லின, குடும்பங்கள் என்ன செய்தன, எது இன்னும் தீராமல் கிடக்கிறது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். குடும்பங்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அந்தக் குழந்தைகளில் சிலர் இன்று வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். ஊர் முழுக்கத் தெரிய வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

"மாறிவிட்டது" என்கிறார்களே, சரியாக எது மாறுகிறது?

விந்தணு மாறலாம். அப்போது தாய்க்குச் சிக்கல் இல்லை. முட்டையும் அவருடையது, சுமந்ததும் அவரே. கணவருக்கு மட்டும் மரபணுத் தொடர்பு அறுந்துபோகிறது. கருவே மாறலாம். அப்போது ஒரு பெண் தனக்கும் தன் கணவருக்கும் மரபணு வழியில் எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளையைச் சுமக்கிறார். எங்கோ வேறொரு தம்பதி, தங்கள் பிள்ளை இன்னொரு வயிற்றில் வளர்வது தெரியாமல் அடுத்த சுற்றுச் சிகிச்சைக்குக் காத்திருக்கிறார்கள்.

வெளியாள் யாரும் வராமலே நடக்கும் தவறும் உண்டு. 2025 ஜூனில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் ஐ.வி.எஃப். நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது. துணைவரின் முட்டையில் உருவான கருவை வைக்க வேண்டிய பெண்ணுக்கு, அந்தப் பெண்ணின் சொந்தக் கருவையே வைத்துவிட்டார்கள். கேட்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். யார் வழியில் பிள்ளை வேண்டும் என்று யோசித்து முடிவெடுத்த இருவருக்கு அப்படித் தோன்றாது.

இத்தனை கருவிகள் இருந்தும் எப்படி மாறுகிறது?

பெரும்பாலும் சாதாரணக் கவனக்குறைவுதான். ரோம் நகரின் சாந்த்ரோ பெர்த்தினி மருத்துவமனையில் 2013 டிசம்பரில் நடந்ததற்குக் காரணம், இரண்டு தம்பதிகளின் குடும்பப் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. சிங்கப்பூர் தாம்சன் மையத்தில் ஒரே மேசையில் இரண்டு பேரின் விந்தணு மாதிரிகளை ஒரே நேரத்தில் கையாண்டார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டிய பிப்பெட்டை (திரவத்தை உறிஞ்சி எடுக்கும் குழாய்) மறுபடியும் பயன்படுத்தினார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1993இல் ஒரு தாய்க்கு ஒரு வெள்ளை நிறப் பிள்ளையும் ஒரு கறுப்பு நிறப் பிள்ளையும் இரட்டையராகப் பிறந்ததற்கும் சரியாகக் கழுவப்படாத பிப்பெட்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. அதே ஊரின் பல்கலைக்கழக மருத்துவமனை, 26 பெண்களின் முட்டைகள் வேறொருவர் விந்தணுவால் கருவுற்றிருக்கலாம் என்று 2016இல் மறுபடியும் அறிவித்தது.

கண்டுபிடித்துவிட முடியாத மர்மம் எதுவும் இதில் இல்லை. ஒரு டிஷ், ஒரு லேபிள், ஒரு அவசர நாள்.

பெற்றவர்களுக்கு எப்படித் தெரியவருகிறது?

அதிகமும் நிறத்தால். அடுத்து இரத்தப் பிரிவால். சிங்கப்பூர்க் குழந்தையின் இரத்தப் பிரிவு பி. பெற்றோர் ஏ, ஓ. அந்த இருவருக்கு பி பிரிவில் பிள்ளை பிறக்க வழியில்லை. டெல்லியில் 2009இல் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகள் விஷயத்திலும் இரத்தப் பிரிவுதான் முதல் சந்தேகத்தைக் கிளப்பியது, பிறகு டி.என்.ஏ. சோதனை உறுதிசெய்தது.

அமெரிக்காவில் 2019இல் ஒரு தம்பதிக்கு ஸ்கேனிலேயே குறி தெரிந்தது. வைத்தவை பெண் கருக்கள். ஸ்கேனில் இரண்டும் ஆண். ஸ்கேன் எப்போதும் சரியாக இருக்காது என்று மருத்துவர்கள் தேற்றி அனுப்பினார்கள். பிறந்த இரண்டு பையன்களும் அந்தத் தம்பதிக்கும் சொந்தமில்லை, ஒருவருக்கொருவரும் சொந்தமில்லை. (இந்தியாவில் கருவின் பாலினத்தைச் சொல்வதே குற்றம் என்பதால் இந்தக் குறி நமக்குக் கிடைக்கவும் கிடைக்காது.)

யோசித்தால் நெருடும் ஒன்று இதில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த வழக்குகளில் பெரும்பாலானவை வெவ்வேறு இனத்தாருக்கு இடையே நடந்தவை. ஒரே சாயல் கொண்ட இரண்டு குடும்பங்களுக்கு இடையே மாறியிருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? "அப்படியே மாமாவை உரித்து வைத்திருக்கிறான்" என்று சொல்லிக் கொண்டாடியிருப்பார்கள்.

கரு மாறிவிட்டது. சுமந்து பெற்றவர் தாயா, கருவுக்கு உரியவர் தாயா?

தேவகியா யசோதையா என்ற பழைய கேள்வி இங்கே உதவாது. தேவகி சுமந்தவளும்தான். நெருங்கி வரும் கதை பலராமனுடையது: தேவகியின் வயிற்றிலிருந்த கரு ரோகிணியின் வயிற்றுக்கு மாற்றப்பட்டது, பிறந்த பிள்ளையை உலகம் ரோகிணியின் மைந்தன் என்றே சொல்லிற்று. நீதிமன்றங்கள் அவ்வளவு எளிதாக ஒரு பக்கம் சாயவில்லை.

1998 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்கு அவருடைய கருக்களோடு வேறொரு தம்பதியின் கருவும் சேர்த்து வைக்கப்பட்டது. டிசம்பரில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. 1999 மே மாதம், பெற்று நான்கு மாதத்துக்கும் மேல் வளர்த்த பிறகு, அந்தப் பெண் கறுப்புக் குழந்தையை மரபணுப் பெற்றோரிடம் கொடுத்தார். அவ்வப்போது வந்து பார்க்கலாம் என்று ஒப்பந்தம் இருந்தது. பிறகு அதுவும் வழக்காயிற்று. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பார்க்கும் உரிமை கேட்கவே அவருக்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. காரணம் கவனிக்கத்தக்கது. தவறு நடந்திருக்கலாம் என்று 1998 மே மாதமே இரு தரப்புக்கும் தகவல் போயிருந்தது. அப்போதே செயல்பட்டிருந்தால் இந்தப் பாசமே உருவாகியிருக்காது, தாமதித்து வளர்த்த பாசத்தை உரிமையாக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

பதினான்கு வருடம் கழித்து ரோமில் நேர் எதிர். 2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் இரட்டையர் பிறந்தார்கள். 8ஆம் தேதி நீதிமன்றம் சொல்லிவிட்டது: இத்தாலியச் சட்டப்படி பெற்றவளே தாய், அவள் கணவரே தந்தை, குழந்தைகள் அவர்களிடமே இருக்கட்டும். மரபணுப் பெற்றோரின் கோரிக்கை நிற்கவில்லை. இங்கே கர்ப்ப காலத்திலேயே எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படியிருந்தும் தீர்ப்பு சுமந்தவர் பக்கம்.

இஸ்ரேலில் ஒரே வழக்கிலேயே இரண்டு பதிலும் வந்தன. 2022 அக்டோபரில் பிறந்த பெண் குழந்தையை மரபணுப் பெற்றோரிடம் ஒப்படைக்கச் சொல்லி 2024 நவம்பரில் குடும்ப நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது குழந்தைக்கு இரண்டு வயது கடந்துவிட்டது. 2025இல் மேல்முறையீட்டில் அது தலைகீழாயிற்று.

என் மனம் எங்கே நிற்கிறது என்று கேட்டால், முதல் சில நாட்களில் மரபணுப் பெற்றோரின் பக்கத்தில். அந்தக் கருவுக்காக ஊசி போட்டுக்கொண்டவரும் முட்டை எடுக்க மயக்க மருந்து ஏற்றுக்கொண்டவரும் அவர்தான். ஆனால் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி பெரியவர்கள் இருவரைப் பற்றியதாக இருப்பதில்லை. அதற்குள் மூன்றாவது ஆள் வந்தாகிவிட்டது.

விந்தணு மட்டும் மாறினால் தந்தை யார்?

இங்கிலாந்தின் லீட்ஸ் வழக்கில் ஒரு வெள்ளைத் தம்பதியின் மனைவி முட்டையில் கறுப்பின ஆண் ஒருவரின் விந்தணு சேர்க்கப்பட்டது. அவரும் அதே மையத்தில் தன் மனைவியோடு சிகிச்சை பெற்றவர். இரட்டையர் பிறந்தார்கள். 2003 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்ன நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ், சட்டப்படி தந்தை அந்த இன்னொரு ஆண்தான் என்றார். கணவர் தன் மனைவிக்குத் தன் விந்தணுவைப் பயன்படுத்தத்தான் சம்மதித்தார்; வேறொருவருடையதற்குச் சம்மதிக்கவில்லை; சம்மதம் இல்லாத இடத்தில் சட்டம் அவரைத் தந்தையாக்காது. ஆனால் குழந்தைகள் வளரும் வீடு மாறவில்லை. கணவர் விரும்பினால் தத்தெடுத்துத் தந்தையாகலாம் என்று வழி காட்டப்பட்டது.

பெற்ற பிள்ளை என்று நினைத்துத் தோளில் போட்டு வளர்த்தவர், தத்தெடுக்க மனுப் போட வேண்டும். சட்டத்தின் தர்க்கம் சரி. அந்த மனுவில் கையெழுத்துப் போடும் மனிதரின் நிலையைத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

கர்ப்பமாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால்?

முடிவு சுமக்கும் பெண்ணுடையது. மற்ற யாருக்கும் அதில் கட்டளையிடும் உரிமை இல்லை, மரபணுப் பெற்றோருக்கும் இல்லை.

அமெரிக்காவின் ஒகையோவில் 2009 பிப்ரவரியில் ஒரு பெண்ணுக்கு இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன: கருத்தரித்திருக்கிறீர்கள், கரு உங்களுடையது இல்லை. அவர் சுமந்தார். செப்டம்பரில் ஆண் குழந்தையைப் பெற்று மிச்சிகனில் இருந்த தம்பதியிடம் கொடுத்தார். ஜப்பானின் ககவா மாநில மருத்துவமனையில் 2008இல் இதே செய்தி கேட்ட இருபது வயதுகளில் இருந்த பெண் கருவைக் கலைத்தார். பிரிட்டனின் கார்டிஃப் நகரிலும் கலைப்புதான் நடந்தது. அங்கே மாறிப்போனது ஒரு தம்பதியிடம் மிச்சமிருந்த கடைசிக் கரு.

ஒகையோப் பெண்ணைத் தியாகச் செம்மல் ஆக்கி மற்ற இருவரைக் குறை சொல்லும் பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேட்காமல் ஏற்றப்பட்ட ஒரு கர்ப்பத்தை ஒன்பது மாதம் சுமந்து, பிரசவ ஆபத்தையும் ஏற்று, கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்பு என்று யாரிடமும் கேட்க முடியாது. அவராக முன்வந்தால் அது வேறு. கார்டிஃப் தம்பதியின் இழப்பு பெரிது. ஆனால் அதற்குப் பொறுப்பு ஆய்வகம்.

மருத்துவருக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டால்?

இந்தப் பக்கத்தில் நான் மிக முக்கியமாக நினைக்கும் கேள்வி இது.

2000 ஜூனில் கலிஃபோர்னியாவில் ஒரு பெண் தனியாகத் தாயாக முடிவு செய்து, முகம் தெரியாத இருவரின் கொடையில் உருவான கரு வேண்டும் என்று கேட்டார். தந்தை என்று யாரும் வந்து நிற்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை. அன்று அவருக்கு வைக்கப்பட்டது வேறொரு தம்பதியின் கரு: அந்தக் கணவரின் விந்தணு, கொடையாகப் பெற்ற முட்டை. மருத்துவருக்குத் தவறு உடனே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. 2001 பிப்ரவரியில் அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பத்து நாள் கழித்து அந்தத் தம்பதிக்கு அதே முட்டைக்கொடையிலிருந்து ஒரு பெண் குழந்தை. மரபணுப்படி உடன்பிறந்தவர்கள், வயது வித்தியாசம் பத்து நாள். இரண்டு வீட்டுக்கும் உண்மை தெரிந்தது 2001 டிசம்பரில், குழந்தைக்குப் பத்து மாதம் ஆன பிறகு.

2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: கணவர்தான் தந்தை; பெற்ற பெண்தான் தாய்; கணவரின் மனைவிக்கு எந்த உறவும் இல்லை, ஏனென்றால் முட்டை அவருடையது இல்லை, சுமந்ததும் அவர் இல்லை. ஆக, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இருவர் ஒரு பிள்ளைக்குத் தாயும் தந்தையும் ஆனார்கள். தந்தையே வேண்டாம் என்று வந்தவருக்குக் கிடைத்தது நீதிமன்றம் அனுப்பிய தந்தை. அந்த மருத்துவரின் உரிமம் பிறகு பறிக்கப்பட்டது.

கரு மாறிய அன்றே சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தேர்வு இருந்திருக்கும். தொடரலாமா என்று யோசிக்க வாரங்கள் இருந்தன. தவறு கை தவறியது. மறைத்தது மனமறிந்து செய்தது. ஒவ்வொரு நாள் மௌனமும் குழந்தையின் கைகளை ஒரு கழுத்தில் இன்னும் இறுக்கிக் கட்டுகிறது, பிறகு அவிழ்க்கும் வேலை நீதிபதிக்கு வருகிறது. மையங்களுக்கு விதிக்கும் தண்டனையில், தவறுக்கு ஒரு பங்கு என்றால் மறைத்ததற்குப் பல பங்கு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பிறந்த பிறகு மாற்றிக்கொண்ட குடும்பங்கள் உண்டா?

உண்டு. கலிஃபோர்னியாவில் 2019இல் இரண்டு தம்பதிகளின் கருக்கள் ஒன்றுக்கொன்று மாறி, இரண்டு பெண் குழந்தைகளும் பிறந்துவிட்டன. ஏறக்குறைய நான்கு மாதத்தில், 2020 ஜனவரியில், வழக்கில்லாமல் மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகும் இரு குடும்பமும் நெருங்கிப் பழகுகின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2023 டிசம்பரில் ஆண் குழந்தை பெற்ற பெண் அவ்வளவு அமைதியாகக் கொடுக்கவில்லை. மரபணுப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள், தோற்றுவிடுவோம் என்று தெரிந்ததால் அந்தப் பெண் ஐந்து மாதக் குழந்தையை ஒப்படைத்தார்.

பிள்ளையின் நிறம் வேறாக இருப்பது நஷ்டஈடு கேட்கத்தக்க இழப்பா?

சிங்கப்பூர் வழக்கில் தாய் சீனர், கணவர் ஜெர்மானிய வெள்ளையர். மாறி வந்தது ஓர் இந்தியரின் விந்தணு. 2010 அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. வளர்க்கும் செலவு முழுவதையும் மருத்துவமனை தர வேண்டும் என்று தாய் கேட்டார். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது: பிள்ளையைப் பராமரிப்பது பெற்றோரின் கடமை, அதைச் சேதம் என்று கணக்கெழுதினால் அந்த உறவுக்கே அர்த்தம் இல்லாமல் போகும். ஆனால் வேறொன்றை இழப்பாக ஏற்றது. தன் வழியில், தன் சாயலில் பிள்ளை வேண்டும் என்ற ஆசையில் சிகிச்சைக்கு வந்தவர் அந்த மரபணு உறவை இழந்தார். அதற்கு வளர்ப்புச் செலவில் 30 சதவீத அளவுக்கு ஈடு கொடுக்கச் சொன்னது.

வட அயர்லாந்தில் கேட்டவர்கள் குழந்தைகளே. வெள்ளைத் தம்பதிக்கு வேறு இனத்தவரின் விந்தணுவில் பிறந்தவர்கள். பெற்றோரைவிட நிறம் கூடுதல், பள்ளியில் கேலி. நிறம் மாறியிருப்பது சட்டத்தின் கண்ணில் காயம் ஆகாது என்று 2010இல் உயர் நீதிமன்றம் தள்ளியது. 2011இல் மேல்முறையீடும் அதையே சொன்னது.

இரண்டும் சரி என்று நினைக்கிறேன். பெற்றோர் இழந்தது உண்மை. அந்த இழப்பை நிறத்தின் பேரில் எழுதிவைத்தால், நாளை அந்தப் பிள்ளை தீர்ப்பைப் படிக்கும்போது தன் தோலுக்கு விலை போட்டிருப்பதைப் பார்க்கும். மாநிறமா சிவப்பா என்று பிறந்த அன்றே கேட்கும் நம் வீடுகளில் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம் 2021, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சிகிச்சையில் பிறக்கும் குழந்தை, சிகிச்சையை நாடிய தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும் என்கிறது. கொடையாளருக்கு உரிமை கிடையாது. நல்லதுதான். ஆனால் கரு மாறினால் இரண்டு பேருமே சிகிச்சையை நாடிய தம்பதி. யாரும் கொடையாளர் இல்லை. அந்த வாக்கியம் அங்கே இரண்டு பக்கமும் வெட்டும்.

விந்தணு மட்டும் மாறியிருந்தால் நிலை தெளிவு. திருமண பந்தத்தில் பிறந்த குழந்தை கணவருடையதே என்ற அனுமானம், முன்பு சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116ஆம் பிரிவு. டெல்லித் தம்பதியின் வழக்கிலும் குழந்தைகள் யாருடையவர்கள் என்ற சண்டையே இல்லை. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் வழக்காகத்தான் போனது. 2009இல் பிறந்த பிள்ளைகளுக்கு, 2023இல் தேசிய நுகர்வோர் ஆணையம் மொத்தம் 1.5 கோடி ரூபாய் விதித்தது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண்கள் பதின்பருவத்தில் இருந்தார்கள்.

குழந்தையிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், சிறு வயதிலேயே, வயதுக்கேற்ற அளவில். மருத்துவக் காரணம் ஒன்று: "வீட்டில் யாருக்காவது சர்க்கரை, இதய நோய் உண்டா" என்று மருத்துவர் கேட்டால் பிள்ளை தப்பான பதிலைச் சொல்லும். இன்னொன்று, இப்போது தபாலில் டி.என்.ஏ. சோதனைப் பெட்டி வாங்கலாம். பெற்றோர் சொல்லாததை ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் சொல்லிவிடும். தாத்தா பாட்டிக்குச் சொல்வதா என்பது வேறு விஷயம். கல்யாண வீட்டில் பேசுபொருளாகும் என்று தெரிந்தால், முடிவெடுக்கும் வயது வந்த பிறகு பிள்ளையே தீர்மானிக்கட்டும்.

சிகிச்சை தொடங்கும் முன் மையத்தில் என்ன கேட்கலாம்?

முட்டை எடுப்பது, விந்தணு தயாரிப்பு, சேர்ப்பு, உறைய வைப்பது, உருக்குவது, வைப்பது: இந்த ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்திடுகிறாரா என்று கேளுங்கள். பார்கோடோ மின்னணுப் பட்டையோ பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். கரு வைக்கும் அறையில் உங்கள் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் உங்கள் வாயால் சொல்லச் சொன்னால் எரிச்சல்படாதீர்கள்; சொல்லச் சொல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். எத்தனை கரு உருவானது, எத்தனை வைத்தார்கள், எத்தனை உறைநிலையில் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கரு மாறிய தவறு 2025இல் வெளிவந்ததே, சேமிப்பில் இருக்க வேண்டியதைவிட ஒரு கரு கூடுதலாக இருந்ததால்தான்.

எங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

மையத்தில் போய்ச் சத்தம் போடும் முன் சிகிச்சைக் கோப்பின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். ஆவணங்களைக் குறைந்தது பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டு டி.என்.ஏ. சோதனை உங்கள் மனத்துக்குப் பதில் சொல்லும். வழக்குக்கு, மாதிரி எடுத்தது முதல் யார் கையில் இருந்தது என்ற பதிவோடு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் செய்தது வேண்டும். புகாரை மாநில அளவில் இச்சட்டத்துக்கென உள்ள உரிய அதிகாரியிடமும் மருத்துவக் கவுன்சிலிடமும் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு கெடு. உறைநிலையில் உங்கள் கருக்கள் மிச்சம் இருந்தால், அவற்றைத் தொடவோ அழிக்கவோ கூடாது என்று அன்றே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். குழந்தையின் படத்தை ஊடகத்துக்குக் கொடுக்காதீர்கள்.